தவறிட்டாங்கன்னா என்னப்பா?

என் மனைவி இறந்து வருகிற நவம்பரில் இரண்டு வருடம் முடிகிறது. டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த ஐந்தாம் நாள் வயிற்று வலி என்றாள். ஆறாம் நாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. திண்டுக்கல்லில் சின்னதாக டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் போன மாதம் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் இதே மாதிரி நடந்தது. அந்த வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் சொன்ன அதே பொய்கள். அந்தப் பொய்களால் எங்களுக்குப் போனது எட்டு மாதம், மகளுக்கு 31 நாள் பள்ளிக்கூடம், கையிலிருந்து 47,000 ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள், அந்த எட்டு மாதமும் என் பிள்ளைகள் தனித்தனியாக, தங்களுக்குத் தெரிந்த வழியில் தவித்திருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அன்று விடியற்காலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அண்ணன் சொன்னார், "புள்ளைகளுக்கு இப்பத் தெரிய வேணாம்டா, தாங்காதுங்க." எனக்கு அப்போது யார் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன். தூங்கிக்கொண்டிருந்த இருவரையும் எழுப்பி, பல்கூட விளக்காமல் காரில் ஏற்றி, வத்தலக்குண்டில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவை மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறோம் என்று சொல்லச் சொன்னது நான்தான். சாயங்காலமே எடுத்துவிட்டோம். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம்தான் என் அப்பா 78 வயதில் இறந்திருந்தார். பேத்தி என்று என் மகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து, தாத்தாவைச் சுற்றி வரச் செய்தோம். நெய் கையில் சொட்டிவிடாமல் பந்தத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவள், முடித்ததும் தாத்தாவின் காலைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுன்னு இருக்குப்பா" என்றாள். பயப்படவே இல்லை. கல்யாணச் சாவு என்றால் குழந்தைகளை முன்னால் நிறுத்துகிறோம். சின்ன வயதுச் சாவு என்றால் அதே குழந்தைகளை அடுத்த ஊரில் ஒளித்து வைக்கிறோம். குழந்தை தாங்காது என்று சொல்லிக்கொள்கிறோமே, உண்மையில் குழந்தை கேட்கிற கேள்வியைத் தாங்க முடியாதது நமக்குத்தான்.

நாலாம் நாள் காலையில் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். தெருமுனையில், பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. எடுக்கச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மகன் காருக்குள்ளிருந்தே "ஐ, அம்மா போட்டோ!" என்று கத்தினானாம். மகள் நன்றாகத் தமிழ் வாசிப்பாள். கண்ணீர் அஞ்சலி. தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. தாத்தாவுக்கும் அதே முனையில்தான் வைத்திருந்தோம். வீட்டு வாசலில் சாமியானா கயிறு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், கொடியில் கிடந்த அம்மாவின் நைட்டியை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நல்லவேளை, புள்ளை அமைதியா இருக்கு" என்றார்கள் வந்திருந்தவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் "எப்பத் தவறினாங்க, எப்படித் தவறினாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி மகள் இருட்டில் கேட்டாள்: "தவறிட்டாங்கன்னா என்னப்பா? அம்மா என்ன தப்பு பண்ணாங்க?" நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சாவைச் சொல்லாமல் சொல்ல நம்மிடம்தான் எத்தனை வார்த்தைகள்! காலமானார், மறைந்தார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார், இறைவனடி சேர்ந்தார். பெரியவர்கள் நமக்குள் பேசிக்கொள்ள அவை மரியாதையான வார்த்தைகள். குழந்தைக்கு அப்படி இல்லை. மறைந்தார் என்றால் கண்ணாமூச்சி ஆட்டம், தேடினால் கிடைப்பார். தவறினார் என்றால் தப்புச் செய்தார். தூங்குகிறார் என்றால் எழுந்திருப்பார், அதோடு நாம் தூங்கினாலும் அப்படித்தான் ஆகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்தார் என்றால் எந்த பஸ்ஸில் போனார், நாமும் போகலாமா.

மகனுக்கு என் அம்மா சொல்லி வைத்தது, "அம்மா சாமிகிட்ட போயிருக்கா கண்ணு." அவன் அதை முழுசாக நம்பினான். பொங்கல் விடுமுறையில் பழனிக்குப் போனோம். விஞ்ச்சில் ஏறும்போதே குதித்துக்கொண்டிருந்தான். பாவம், ரொம்ப நாளைக்கப்புறம் சிரிக்கிறானே என்று எனக்கும் சந்தோஷம். மேலே வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, சன்னதிக்கு முன்னால் அவனைத் தூக்கிக் காட்டினேன். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். "சாமி இருக்காரு. அம்மா எங்க?" என்றான். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லித் தள்ளினார்கள். வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் இறங்குவேன் என்று அழுதான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படி வழியாகவே இறங்கினேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் எந்தக் கோயிலுக்குள்ளும் அவன் வரவில்லை. சாமி என்றால் அம்மாக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, அதைக் குறை சொல்ல வரவில்லை. அம்மா செத்துப் போய்விட்டாள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

மகளுக்கு டிசம்பரிலேயே வயிற்று வலி தொடங்கியிருந்தது. காலையில் யூனிஃபார்ம் போட்டதும் வலிக்கும், தொப்புளைச் சுற்றி. பள்ளியிலிருந்து போன் வரும், கடையைப் பூட்டிவிட்டு ஓடுவேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பீதி, அவள் அம்மாவுக்கும் வயிற்று வலியில்தானே ஆரம்பித்தது. முதல் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். அதோடு நான் நின்றிருக்க வேண்டும். டாக்டரிடம் காட்டியது தப்பே இல்லை, அதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் நம்பாமல் அடுத்த ஊர், அடுத்த ஸ்கேன் என்று ஓடியதுதான் தப்பு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று 11,500 ரூபாய். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் அட்மிஷன், மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி, 31,000. நடுவில், பயந்த கோளாறு என்று சொந்தக்காரர் ஒருத்தர் கூட்டிப் போன இடத்தில் வேப்பிலை அடித்துத் தாயத்துக் கட்டியதற்கு 4,500. தாயத்துக் கட்டினவர் "செத்தவ புள்ளையைச் சுத்துறா" என்று அவள் காதுபடவே சொன்னார். அன்றிலிருந்து பாத்ரூமுக்குப் போகக்கூட விளக்குப் போட்டுத் துணைக்கு ஆள் வேண்டும் என்றாள். நான் காசு கொடுத்து வாங்கியது அதுதான்.

கடைசியில் ஜூலையில், எங்கள் ஊரிலேயே ஒரு வயதான குழந்தை மருத்துவர். ஃபைலைத் திறக்கவே இல்லை. என்னிடம் எதையும் கேட்காமல் மகளிடம், "அம்மாவுக்கு எங்க வலிச்சுச்சு பாப்பா?" என்றார். அவள் தன் வயிற்றில் கை வைத்துக் காட்டினாள். எட்டு மாதமாக எங்களுக்கு எந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாளோ அதே இடம். எனக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டர் அவளை வெளியே மீன் தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு, "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது உட்கார்ந்து சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவளுக்குத் தெரியும் சார், போர்டில் படித்துவிட்டாள் என்றேன். "படிச்சது வேற, நீங்க சொல்றது வேற. இன்னிக்கு ராத்திரி சொல்லுங்க. செத்துட்டாங்கங்கிற வார்த்தையை முழுங்காம சொல்லுங்க" என்றார். ஃபீஸ் 200 ரூபாய்.

கடையில் உட்கார்ந்து பில் புக்கின் பின்பக்கத்தில் என்ன சொல்வது என்று எழுதினேன். நாலு வரி எழுத ஒரு மதியம் ஆனது. ராத்திரி சாப்பிட்ட பிறகு டிவியை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பாயில் உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மா செத்துப் போயிட்டாங்க. டெங்குன்னு ஒரு காய்ச்சல், கொசு கடிச்சு வரும். நிறையப் பேருக்குச் சரியாகிடும், அம்மாவுக்கு ரொம்ப அதிகமாகிடுச்சு. அவங்க இதயம் நின்னு போச்சு, இனிமே மூச்சு விட மாட்டாங்க, சாப்பிட மாட்டாங்க, திரும்பி வர மாட்டாங்க. யாரோட தப்பும் இல்ல." குரல் உடைந்தது, அழுதுவிட்டேன். மகன் என் மூக்கை அவன் சட்டையால் துடைத்துவிட்டு, "அப்புறம் ஏன் பழனியில தேடுனோம்?" என்றான். அப்பத்தாவுக்கும் எனக்கும் சொல்லத் தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அவன் காரை எடுத்துக்கொண்டு வந்து ஓட்ட ஆரம்பித்தான். அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து, "நாளைக்கும் வர மாட்டாங்களா?" என்றான். மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் அதே பதிலை அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகள் மறந்துபோய்க் கேட்பதில்லை, பதில் மாறுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மகள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள், "எரிச்சப்போ அம்மாவுக்குச் சுட்டிருக்குமாப்பா?" எட்டு மாதம் அந்தக் கேள்வியோடு அவள் தூங்கியிருக்கிறாள். வெட்டிப் போட்ட நகத்தை எடுத்துக் கிள்ளினால் உனக்கு வலிக்குமா என்று கேட்டேன். செத்த உடம்பும் அப்படித்தான், சுடுவது தெரியாது, குளிர்வது தெரியாது என்றேன். அவள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகன் தூங்கின பிறகு, பதினோரு மணி இருக்கும், மெதுவாக இன்னொன்று சொன்னாள். காய்ச்சலோடு அம்மா ரெட்டை ஜடை பின்னிவிட்டிருக்கிறாள், இறுக்கி இழுத்ததில் வலித்திருக்கிறது. "நான் கோவத்துல 'நீ போம்மா'ன்னு சொன்னேன். போயிட்டாங்க." இதுதான் வயிற்றுக்குள் இருந்தது. கொசு கடித்து நாலு நாளிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும், நீ ஜடைக்குச் சண்டை போட்டது காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், அப்படியென்றால் கொசு எப்போது கடித்தது என்று அவள் விரல்களையே மடக்க வைத்து எண்ணிக் காட்டினேன். "சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்று சொல்லியிருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள், நம்பியிருக்க மாட்டாள். நாள் கணக்கை நம்பினாள். எந்தக் குழந்தைக்குள்ளும் இப்படி ஒரு "நான்தான்" இருக்கலாம், கேட்காவிட்டாலும் நாமாகவே "உன்னால இல்ல" என்று சொல்லிவிடுவது நல்லது.

வயிற்று வலி மறுநாளே பறந்துவிடவில்லை. குறைய ஒன்றரை மாதம் ஆனது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒரு உளவியல் ஆலோசகரைப் பார்த்தோம், கட்டணம் எதுவும் இல்லை, காலையில் ஓபி சீட்டுப் போட வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர்தான் வயதைப் பற்றி எனக்குப் புரிய வைத்தார். ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்பது வெளியூர் போவது மாதிரி, திரும்பி வருவார்கள் என்றே நினைப்பார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் அதை ஒரு ஆள் மாதிரி, பிடித்துக்கொண்டு போகிற பூச்சாண்டி மாதிரி நினைக்கிற பருவம் வரும். 1948-லேயே மரியா நாகி என்பவர் புடாபெஸ்டில் குழந்தைகளை எழுதவும் வரையவும் பேசவும் வைத்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். என் மகன் வரைந்த சாமிக்கு நீளமான கை இருந்தது. ஒன்பது, பத்து வயதில் எல்லோருக்கும் இது வரும், திரும்ப முடியாது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். புரிகிற வயது என்பதால் பேச்சு குறைவாக இருக்கும், அதனால் பெரிய பிள்ளையைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றார். வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் மூன்றும் கெட்டால் காத்திருக்காதீர்கள். "நானும் அம்மாகிட்ட போறேன்" என்று பிள்ளை சொன்னால் திட்டாமல், அழாமல், என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள், அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் எனக்காகவே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

முகம் பார்க்க விடுவதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிள்ளை பார்க்கிறேன் என்றால் விடுங்கள், வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் கூட்டிப் போவதற்கு முன்னால் என்ன இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும்: மூக்கில் பஞ்சு இருக்கும், கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், தொட்டால் ஜில்லென்று இருக்கும், பொம்பளைங்க நெஞ்சில் அடித்துக்கொண்டு சத்தமாக அழுவார்கள், வாசலில் வெடி போடுவார்கள். கூடவே ஒருத்தர் இருக்க வேண்டும், பிள்ளை போதும் என்றதும் வெளியே கூட்டி வருவது மட்டும்தான் அவருக்கு வேலை. எங்களுக்கு அந்த நாள் திரும்ப வராது. பதிலுக்கு, அஸ்தி கரைத்த அணைப்பட்டிக்கு ஆகஸ்டில் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வைகைக் கரையைக் காட்டினேன். மகள் அந்த நைட்டியைத் தண்ணீரில் விடப் போகிறாள் என்று நினைத்தேன். விடவில்லை, பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டு வந்துவிட்டாள்.

அழுவதைப் பற்றியும் ஒன்று. பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று நான் பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு அழுவேன். "எனக்குக் கேக்கும்ப்பா, தண்ணி வேஸ்ட் ஆகுது" என்று மகள்தான் சொன்னாள். அப்பா அழுது, மூக்கைச் சிந்தி, அப்புறம் எழுந்து இட்லி ஊற்றுவதைப் பார்த்தால் அழுகை முடிகிற ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே மாதிரி பதினாறாம் நாள் அன்று மகன் சிரித்து விளையாடியதைப் பார்த்து ஒரு அக்கா "பெத்தவ போனதுகூடத் தெரியாம ஆடுது பாரு" என்றார். குழந்தை துக்கம் அப்படித்தான், கொஞ்சம் அழும், கொஞ்சம் விளையாடும், திரும்ப அழும். தயவுசெய்து அதன் காதுபட அப்படிப் பேசாதீர்கள். கிளாஸ் டீச்சரிடமும் வேன் டிரைவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், "அம்மா கையெழுத்து எங்கே" என்று யாரும் கேட்டுவிடாமல் இருக்கும். கொசுவைக் கண்டாலே அலறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூந்தொட்டித் தட்டு, கொல்லையில் கிடக்கும் சிரட்டை, என் கடையின் பழைய டயர், எல்லாவற்றிலும் தேங்கியிருக்கிற தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவது. இப்போது பக்கத்து வீட்டிலும் போய்க் கொட்டிவிட்டு வருகிறார்கள், சொல்லாமல் கொள்ளாமல்.

கஷ்டமான கேள்வி கடைசியாக வந்தது. கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது மகன், "நீ எப்ப சாவ?" என்றான். கடையில் இருந்த வாடிக்கையாளர் "ச்சீ, அபசகுனமா" என்று அதட்டினார். நான் சாகவே மாட்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. இன்னொரு பழனி ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டு, "தெரியலடா. ரொம்ப வயசாகி, நீ மீசை எல்லாம் வச்ச பிறகுன்னு நினைக்கிறேன்" என்றேன். "அதுக்கு முந்தி ஆயிட்டா?" என்றான். சித்தியும் சித்தப்பாவும் உங்களைப் பார்த்துக்கொள்வார்கள், அப்பா அவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன் என்றேன். பேசி வைத்திருந்தேன், பொய் இல்லை. இன்சூரன்ஸ் நாமினி பெயரையும் அந்த மாதம்தான் மாற்றினேன், அதுவரை அவள் பெயரே இருந்தது. கொஞ்ச நேரம் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தி வீட்டுல சைக்கிள் நிறுத்த இடம் இருக்கா?"

தெரியவில்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய பேப்பர்க் கட்டை நகர்த்திவிட்டு, கையை விரித்துச் சாண் சாணாக அளந்து பார்த்தான். அக்கா சைக்கிளையும் நிறுத்தலாம் என்று வந்து சொன்னான்.